அரசப் படையும் மதக் கிளர்ச்சியாளரும்: கற்பனைப் போர் எழுதுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இடைக்காலப் பின்னணியில் கதை எழுதுகிறவர்களிடமிருந்து திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. மன்னனின் படை ஒரு பக்கம், தங்கள் நம்பிக்கைக்காக ஆயுதம் எடுத்த மக்கள் மறுபக்கம். இந்தப் போரை எழுதும்போது பெரும்பாலோர் இரண்டில் ஒரு பள்ளத்தில் விழுகிறார்கள். ஒன்று, கிளர்ச்சியாளர்கள் பக்தியின் பலத்தால் மட்டும் வெல்கிறார்கள். இல்லையென்றால் வெறிபிடித்த கூட்டமாகச் செத்து விழுகிறார்கள். வரலாற்றில் நடந்தவை இரண்டையும்விடச் சுவையானவை. கற்பனை நாடு, கற்பனை மதம் என்று எழுதினாலும் போரின் எலும்புக்கூடு உண்மையாக இருந்தால்தான் வாசகர் நம்புவார்.

எந்த வரலாற்றுப் போரை மாதிரியாக வைத்துக்கொள்வது?

ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால், 1419 முதல் 1434 வரை பொஹீமியாவில், அதாவது இன்றைய செக் நாட்டில், நடந்த ஹூஸ் இயக்கத்தாரின் போர்கள். பிராக் நகரப் போதகர் யான் ஹூஸ் திருச்சபையின் சொத்தையும் ஊழலையும் கண்டித்தார். கான்ஸ்டன்ஸ் நகரில் திருச்சபைத் தலைவர்கள் கூடிய பொதுச்சங்கத்துக்கு வந்து பதில் சொல்லும்படி அழைத்தார்கள். பாதுகாப்பாகப் போய்வர, ஹங்கேரியையும் ஜெர்மனியையும் ஆண்ட சிகிஸ்முண்ட் மன்னர் உறுதிப் பத்திரம் கொடுத்திருந்தார். ஆனாலும் 1415 ஜூலை 6 அன்று ஹூஸை உயிரோடு எரித்தார்கள். அடுத்த பத்தொன்பது ஆண்டுகளில் அந்தத் தீ ஒரு நாட்டையே போர்ப்பாசறையாக மாற்றியது. மன்னர், திருத்தந்தை, சிலுவைப்போர், விவசாயிகள், பீரங்கி, உட்பகை எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும் வேறொரு வரலாறு எனக்குத் தெரிந்து இல்லை.

அதோடு நிறுத்த வேண்டியதில்லை. தென் பிரான்சில் கத்தார் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு எதிராக 1209-இல் தொடங்கிய சிலுவைப்போர், அனத்தோலியாவில், அதாவது இன்றைய துருக்கியில், செல்ஜூக் சுல்தானை எதிர்த்துத் துருக்மேனியர் எழுந்த பாபாயி கிளர்ச்சி (1240 வாக்கில் அடக்கப்பட்டது), ஜப்பானில் 1488-இல் காகா மாகாணத்தையே கைப்பற்றிய இக்கோ பௌத்தர்கள் என்று பல உண்டு. கீழே தேவைப்படும் இடங்களில் அவற்றையும் தொடுகிறேன்.

மக்கள் ஏன் ஆயுதம் எடுக்கிறார்கள்? கொடுங்கோல் மன்னன் என்ற ஒரு காரணம் போதாதா?

போதாது. இடைக்கால மனிதர் யாரும் காலையில் எழுந்து மன்னனை எதிர்ப்பேன் என்று கிளம்புவதில்லை. மன்னன் கடவுளால் அமர்த்தப்பட்டவன் என்றே கிளர்ச்சியாளர்களும் நம்பினார்கள். ஆகவே "மன்னன் கடவுளுக்கு விரோதி ஆகிவிட்டான்" என்று அவர்கள் தமக்குத் தாமே சொல்லிக்கொள்ளும் தருணம் ஒன்று கதையில் வேண்டும். அந்தத் தருணத்துக்குப் படிப்படியாகத்தான் வர முடியும்.

பொஹீமியாவில் அந்தப் படிகளைப் பாருங்கள். முதலில் கொடுத்த வாக்கு மீறப்பட்டது. 1415 செப்டம்பரில் 452 பிரபுக்கள் முத்திரையிட்டுக் கண்டனக் கடிதம் அனுப்பினார்கள். அதாவது முதல் எதிர்ப்பு மேட்டுக்குடியிலிருந்தே வந்தது. பிறகு ஒரு சடங்கு அடையாளமாகிறது. நற்கருணையில் அப்பம் மட்டுமே பொதுமக்களுக்கு. திராட்சை இரசம் குருக்களுக்கு மட்டும் என்பது அன்றைய வழக்கம். ஹூஸ் இயக்கத்தார் இரண்டும் எல்லோருக்கும் என்றார்கள். அந்தக் கிண்ணமே அவர்கள் சின்னமானது. 1419 ஜூலை 30 அன்று யான் ஜெலிவ்ஸ்கி என்ற போதகர் பின்னால் வந்த ஊர்வலம் பிராக் புதுநகர மன்றத்துக்குள் புகுந்து, மன்ற உறுப்பினர்களை ஜன்னல் வழியாக வெளியே எறிந்தது. இரண்டரை வாரத்தில் பொஹீமிய மன்னர் வென்செஸ்லாஸ் இறந்தார். வாரிசு யார்? அவருடைய தம்பி சிகிஸ்முண்ட். ஹூஸுக்கு வாக்குக் கொடுத்த அதே ஆள்.

இதில் எழுத்தாளருக்குக் கிடைக்கும் பொன் என்னவென்றால் அந்தக் கிண்ணம். வரியைக் குறைக்கச் சொல்லிக் கேட்பவர்களோடு மன்னன் பேரம் பேசலாம். கிண்ணத்தைக் கேட்பவர்களோடு பாதிக் கிண்ணம் என்று பேரம் பேச முடியாது. உங்கள் கற்பனை மதத்துக்கும் கையால் தொடக்கூடிய, ஒரு குழந்தைக்கும் புரியக்கூடிய அப்படி ஒரு பொருளைக் கண்டுபிடியுங்கள்.

கிளர்ச்சியாளர் படையில் யார் யார் இருப்பார்கள்?

விவசாயிகள் மட்டும் என்று எழுதாதீர்கள். கொல்லர், தச்சர், நெசவாளர், சிறு நிலப்பிரபுக்கள், சில பெரிய பிரபுக்கள், ஏராளமான குருக்கள், பெண்கள், குழந்தைகள். படைத்தலைவன் பெரும்பாலும் போர் தெரிந்த ஒருவன்தான். யான் ஜிஷ்கா ஏழைப் பிரபுக் குடும்பத்தவர், கூலிப்படையில் பழகியவர், ஒரு கண் ஏற்கனவே போயிருந்தது. போர் தொடங்கியபோது அறுபதை நெருங்கியிருந்தார். 1421-இல் ராபி கோட்டை முற்றுகையில் மறு கண்ணும் போனது. அதன்பின் 1424-இல் சாகும் வரை பார்வையில்லாமலே படை நடத்தினார். கற்பனைக் கதையில் இப்படி ஒருவரை வைத்தால் "நம்பும்படி இல்லை" என்று யாராவது சொல்லக்கூடும்.

குடும்பத்தோடு வருகிறவர்கள் என்பதை மறக்கக் கூடாது. பாபாயி கிளர்ச்சியின் துருக்மேனியரும் மனைவி மக்கள், ஆடு மாடுகளோடுதான் நகர்ந்தார்கள். பின்னால் குழந்தைகள் நிற்கும் படை பின்வாங்க முடியாது. அது பலம். வேகமாக நகரவும் முடியாது. அது பலவீனம்.

தாபோர் என்று ஹூஸ் இயக்கத்தார் புதிதாக நிறுவிய ஊரில் பெரிய தொட்டிகளை வைத்தார்கள். வந்து சேர்கிறவர் தம் பணத்தை அதில் போட வேண்டும், செலவு பொதுவில். முதல் உற்சாகம் அப்படி. ஆனால் அதே 1420-ஆம் ஆண்டின் இலையுதிர்காலத்திலேயே சுற்றியிருந்த குடியானவர்களிடம் பழைய பிரபுக்களைப் போலவே வரி வாங்கத் தொடங்கிவிட்டார்கள். படைக்குச் சோறு வேண்டுமே. இந்த இரண்டு காட்சிகளுக்கும் நடுவில் இருக்கும் சில மாதங்களில் ஒரு முழு நாவலே இருக்கிறது.

கதிரடிக்கும் கோலை வைத்துக்கொண்டு கவசம் அணிந்த குதிரைவீரனை வெல்ல முடியுமா?

வெட்டவெளியில் முடியாது. ஓடிவரும் குதிரைப்படையின் முன் கூட்டமாக நிற்கும் உழவர்கள் சிதறிவிடுவார்கள். அதனால் ஜிஷ்கா வெட்டவெளியையே இல்லாமல் செய்தார், வண்டிகளை வைத்து.

இதைக் கொஞ்சம் அருகில் போய்ப் பார்ப்போம். சாதாரணச் சரக்கு வண்டிதான். வெளிப்பக்கம் தடித்த பலகையைச் சாத்துகிறார்கள். அதில் சுடுவதற்குத் துளைகள். எதிரி அடியில் ஊர்ந்து வராதபடி சக்கரங்களுக்கு நடுவில் இன்னொரு பலகை தொங்குகிறது. ஒரு வண்டியின் சக்கரத்தை அடுத்த வண்டியின் சக்கரத்தோடு சங்கிலியால் பிணைக்கிறார்கள். இடைவெளியில் நிறுத்த ஆளுயரக் கேடயங்கள். கல் எறிய ஒரு பெட்டி நிறையக் கற்கள். குதிரைகளை அவிழ்த்து வட்டத்துக்குள் கட்டுகிறார்கள். ஒரு வண்டிக்குப் பதினெட்டு முதல் இருபது பேர்: ஓட்டுநர், குறுக்குவில்காரர், கைத்துப்பாக்கிக்காரர், ஈட்டிக்காரர், கோல்காரர். யார் எங்கே நிற்பது, யார் அம்பைப் பூட்டிக் கொடுப்பது என்பதெல்லாம் முன்பே முடிவானது.

அன்றைய கைத்துப்பாக்கி குறி தப்பும். ஒருமுறை சுட்டு மறுபடி மருந்து இட நேரம் பிடிக்கும். குறுக்குவில்லும் அப்படியே. பலகைக்குப் பின்னால் நிற்பவனுக்கு அந்த நேரம் கிடைக்கிறது. எதிரே வருகிற குதிரையோ வெடிச்சத்தத்துக்கும் புகைக்கும் மிரள்கிறது, மரச்சுவர்மேல் பாயாது. குதிரைவீரன் நிற்க வேண்டியதாகிறது. நின்ற குதிரைவீரன் கொக்கி ஈட்டியால் கீழே இழுக்கப்படுகிறான். அங்கேதான் கதிரடிக்கும் கோலுக்கு வேலை வருகிறது. நீண்ட கைப்பிடி, அதன் நுனியில் சங்கிலியில் தொங்கும் இரும்புப் பூணிட்ட கட்டை. அறுவடைக்காலம் முழுக்க அதைச் சுழற்றிப் பழகிய தோளுக்குப் புதிதாகப் பயிற்சி வேண்டாம். வாளால் வெட்டமுடியாத தலைக்கவசத்தை அது நசுக்கும்.

எதிரி களைத்துக் குழம்பியதும் வட்டத்தின் ஒரு வாசல் திறக்கும். உள்ளே காத்திருந்த குதிரைகளும் காலாட்களும் வெளியே பாய்வார்கள். இந்தக் கடைசி நகர்வை எழுத்தாளர்கள் விட்டுவிடுகிறார்கள். வண்டிக்கோட்டை ஒளிவதற்காக மட்டும் இருந்திருந்தால் பட்டினி போட்டே முடித்திருப்பார்கள்.

இன்னொன்று. ஜிஷ்காவின் பெயரில் 1423-இல் வந்த படைவிதிகள் கடுமையானவை: வரிசையை விட்டு விலகக் கூடாது, உத்தரவின்றித் தீ வைக்கக் கூடாது, கொள்ளைப்பொருளைப் பொதுவில் சேர்க்க வேண்டும், மீறினால் பிரபு என்றும் பாராமல் தண்டனை. அவர்களுடைய பக்தி வெற்றியாக மாறியது இந்த இடத்தில்தான். கடவுள் பார்க்கிறார் என்று நம்பியவன் தன் துளையை விட்டு ஓடவில்லை. உங்கள் போர்க்காட்சியிலும் நம்பிக்கையை வானத்து ஒளியாகக் காட்டாமல், ஒருவன் தன் இடத்தில் நிற்பதாகக் காட்டுங்கள்.

போர்க்களத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது?

படை குறைவாக உள்ளவர்கள் நிலத்தைக் கூட்டாளி ஆக்குவார்கள். 1420 மார்ச் 25, சுடோமெர்ஜ். பில்ஸனிலிருந்து தாபோருக்குப் போகும் வழியில் ஜிஷ்காவிடம் சுமார் 400 பேர், ஒரு டஜன் வண்டிகள். எதிரே அரசத் தரப்பில் சுமார் 2000 பேர், பெரும்பாலும் கவசக் குதிரைவீரர். அங்கே மீன் வளர்க்கும் குளங்கள் உண்டு. குளக்கரையில் ஒரு பக்கத்தை ஒட்டி வண்டிகளை நிறுத்தினார். வடிந்த குளத்தின் சேற்றுப் பக்கமாக வர வேண்டியவர்கள் குதிரையை விட்டு இறங்கி, கவசத்தோடு சேற்றில் நடந்தார்கள். முழுத் தகட்டுக் கவசம் 20 முதல் 25 கிலோ. பெண்கள் தங்கள் முக்காட்டுத் துணிகளைச் சேற்றில் விரித்து வீரர்களின் குதிமுள்ளைச் சிக்கவைத்தார்கள் என்று மக்கள் சொல்லி வந்தார்கள். மாலையானது, மூடுபனி இறங்கியது, அரசப் படை தன் ஆட்களையே அடிக்கத் தொடங்கிக் கலைந்தது.

வரைபடத்தை முதலில் வரையுங்கள். ஈரம் எங்கே, மேடு எங்கே, மதியத்துக்குப் பின் வெயில் யார் கண்ணில் அடிக்கும் என்று குறியுங்கள். பிறகு எழுத உட்காருங்கள்.

ஒரு முழுப் போரின் ஓட்டத்தைச் சொல்ல முடியுமா?

1420 ஜூலை 14, பிராகின் கிழக்கே விட்கோவ் குன்று. மார்ச் 1-ஆம் தேதி திருத்தந்தை ஐந்தாம் மார்ட்டின் சிலுவைப்போர் அறிவித்திருந்தார். பல நாட்டுப் படைகளோடு சிகிஸ்முண்ட் நகரைச் சூழ்ந்தார். பிராக் கோட்டையும் விஷெக்ராத் கோட்டையும் ஏற்கனவே அவர் ஆட்களிடம். நகருக்கு உணவு வரும் கடைசி வழி விட்கோவ் குன்றின் அடிவாரம். அதையும் பிடித்தால் சண்டையே வேண்டாம், பசி போதும். ஜிஷ்கா அங்கே மரக்கட்டைகளால் சிறு காவலரண்களைக் கட்டி, பள்ளம் வெட்டி, கல்லும் மண்ணும் கொண்டு சுவர் எழுப்பியிருந்தார்.

ஜெர்மனியின் மைசன் பகுதிக் குதிரைவீரர்கள் சரிவு குறைந்த கிழக்குப் பக்கமாக ஏறி வந்தார்கள். முன்னரணில் எதிர்த்து நின்றவர்கள், அன்றைய நிகழ்வுக்குறிப்பின்படி, 26 ஆண்கள், இரண்டு பெண்கள், ஒரு சிறுமி. கல்லாலும் ஈட்டியாலும் தடுத்தார்கள். அந்தப் பெண்களில் ஒருத்தி பின்வாங்க மறுத்து அங்கேயே கொல்லப்பட்டாள். உதவிக்கு வந்த ஜிஷ்காவே பிடிபடப் பார்த்தார். கோல்காரர்கள் இழுத்துக் காப்பாற்றினார்கள். அந்நேரம் நகர வாசலிலிருந்து நற்கருணையைக் கையில் ஏந்திய ஒரு குரு முன்னே வர, பின்னால் வில்லாளரும் கோல் ஏந்திய குடியானவரும் திராட்சைத் தோட்டங்கள் வழியாக ஏறி, பக்கவாட்டில் தாக்கினார்கள். குறுகிய குன்றின் முதுகில் குதிரைகளைத் திருப்ப இடமில்லை. செங்குத்தான பக்கத்தில் உருண்டு விழுந்தார்கள். ஆற்றங்கரையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த சிகிஸ்முண்ட் பாசறைக்குத் திரும்பினார்.

இறந்தவர்கள் சில நூறு பேர்தான். சிகிஸ்முண்டின் பெரும்படையில் அது மிகச் சிறிய பங்கு. ஆனாலும் முற்றுகை அதோடு குலைந்தது. ஒரு போரின் பெருமைக்கும் பிணங்களின் எண்ணிக்கைக்கும் சம்பந்தம் இல்லை என்பதற்கு இது நல்ல சாட்சி.

இவ்வளவு பெரிய அரசப் படை ஏன் தோற்கிறது?

சம்பளம், நாள்கணக்கு, மனச்சாட்சி. பிராக் கோட்டைத் தேவாலயத்தில் ஜூலை 28 அன்று முடிசூட்டிக்கொண்ட சிகிஸ்முண்ட், படைக்குக் கூலி கொடுக்க அந்தத் தேவாலயத்தின் பொன் வெள்ளிப் பொருட்களையே எடுத்தார். திருச்சபையைக் காக்க வந்த மன்னர் திருச்சபையின் நகையை உருக்குகிறார். இந்தக் காட்சியை உங்கள் மன்னனுக்கும் கொடுக்கலாம். தென் பிரான்சின் சிலுவைவீரர்களுக்கோ நாற்பது நாள் போரிட்டால் பாவத்தண்டனை மன்னிப்பு உறுதி. நாற்பத்தொன்றாம் நாள் ஊருக்குக் கிளம்பிவிடுவார்கள்; தளபதி சீமோன் தெ மோன்ஃபோர் ஆண்டுதோறும் புதிதாகப் படை திரட்ட வேண்டியிருந்தது.

மூன்றாவது காரணம் மனச்சாட்சி. 1240-இல் மால்யா சமவெளியில் பாபாயிகளை எதிர்கொண்டபோது சுல்தானின் வீரர்கள் முன்னேறத் தயங்கினார்கள். எதிரே நிற்பவர்களை வழிநடத்தியவர் புனிதர் என்ற பேச்சு அவர்களிடமும் இருந்தது. அதனால் கூலிக்கு வந்த பிராங்கியக் கிறிஸ்தவ வீரர்களை முன்வரிசையில் நிறுத்தி வென்றார்கள். உங்கள் அரசப் படையில் ஒருவனாவது எதிரணியின் பிரார்த்தனையைக் கேட்டு உதடு அசைப்பவனாக இருக்கட்டும்.

அற்புதம் வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் அதைப் பார்த்தவர் கண்ணில் மட்டும் வையுங்கள். 1431 ஆகஸ்ட் 14 அன்று தொமாஷ்லித்சே அருகே, ஹூஸ் படையின் வண்டிச் சத்தமும் போர்ப்பாட்டும் தூரத்தில் கேட்டதுமே சிலுவைப்படை ஓடத் தொடங்கியது என்பார்கள். உடன் வந்த கர்தினால் செசரீனி தம் உடைகளையும் பொருட்களையும் விட்டுவிட்டுத் தப்பினார். கிளர்ச்சியாளருக்கு அது கடவுளின் கை. படைநூல் படித்தவருக்கு அது பத்தாண்டுத் தோல்வி சேர்த்து வைத்த பீதி. கதைசொல்லி இதில் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை.

ஒற்றர், துரோகம்?

கண்டிப்பாக உண்டு. 1414 ஜனவரியில் லண்டனுக்கு வெளியே செயின்ட் கைல்ஸ் வெளியில் லொல்லார்டுகள் என்ற ஆங்கிலேயச் சமயச் சீர்திருத்தக்காரர்கள் திரண்டபோது ஐந்தாம் ஹென்றியின் ஆட்கள் அங்கே முன்பே காத்திருந்தார்கள். தகவல் கசிந்திருந்தது. போரே நடக்காமல் கிளர்ச்சி முடிந்தது. தலைவர் ஜான் ஓல்ட்காசில் முன்பு மன்னரின் நண்பர். தப்பியோடி, 1417-இல் பிடிபட்டு மரண தண்டனை பெற்றார்.

கிளர்ச்சியாளர்களை நல்லவர்களாகவே காட்டலாமா?

காட்டினால் பொய்யாகிவிடும். அரசத் தரப்பில் நின்ற குட்னா ஹோரா நகரின் வெள்ளிச் சுரங்கக்காரர்கள் பிடிபட்ட ஹூஸ் இயக்கத்தாரைச் சுரங்கக் குழிகளில் தள்ளிக் கொன்றார்கள். அதே ஜிஷ்கா 1420 நவம்பரில் பிராகாதித்சே நகரைப் பிடித்தபோது ஆண்களைத் தேவாலய அறைக்குள் அடைத்து எரித்தார். தன் பக்கத்திலேயே தீவிரமாகப் போன ஆதாமியர் என்ற பிரிவினரையும் 1421-இல் அழித்தார். எரிக்கப்பட்ட ஒருவருக்காகத் தொடங்கிய இயக்கம் பிறரை எரித்தது. இதை எழுதும்போது எனக்கு மனம் கனக்கிறது; ஆனால் இதை விட்டுவிட்டு எழுதும் கதை அந்த மக்களுக்கும் நியாயம் செய்யாது.

கடைசியில் யார் வெல்வது?

பொஹீமியாவில் கிளர்ச்சியாளரைத் தோற்கடித்தவர்கள் கிளர்ச்சியாளர்களே. மிதவாத ஹூஸ் பிரபுக்கள் கத்தோலிக்கரோடு சேர்ந்து, 1434 மே 30 அன்று லிபானியில் தாபோர் படையைச் சந்தித்தார்கள். இரு தரப்பிலும் வண்டிகள், இரு தரப்பிலும் அதே உத்தி. மிதவாதிகள் தோற்று ஓடுவதுபோல் நடித்தார்கள். தாபோர் படை ஆவலோடு வண்டிச்சுவரைத் திறந்து துரத்தியது. ஒளிந்திருந்த குதிரைப்படை திறந்த வாசலுக்குள் புகுந்தது. தலைவர் புரோகோப் அங்கேயே மாண்டார். பிடிபட்ட நூற்றுக்கணக்கானோரைக் களஞ்சியங்களில் அடைத்து எரித்தார்கள்.

ஆனால் 1436-இல் ஏற்பட்ட ஒப்பந்தம் பொஹீமியர்களுக்கு அந்தக் கிண்ணத்தை அனுமதித்தது. சிகிஸ்முண்டும் மன்னராக ஏற்கப்பட்டார். அடுத்த ஆண்டே இறந்தார். தோற்றவர்கள் கேட்டதில் ஒரு பகுதி கிடைத்தது, வென்றவருக்கு அனுபவிக்க நாள் இல்லை. இதைவிட நல்ல முடிவைக் கற்பனையில் உருவாக்குவது கடினம்.

போருக்கு மறுநாளை எப்படி எழுதுவது?

பிரபுக்கள் தங்களுக்குள் மோதும் போரில் பிடிபட்ட வீரனுக்கு விலை உண்டு. மீட்புப்பணம் கொடுத்துக் குடும்பம் கூட்டிப்போகும். மதப்போரில் அந்த வழக்கம் பெரும்பாலும் உடைந்துவிடுகிறது. ஆகவே மறுநாள் காலையில் கைதிகளின் விதியை முடிவு செய்யும் பேச்சு இருக்க வேண்டும், அதில் ஒருவராவது வாதாட வேண்டும். மற்றபடி வேலைகள்தான்: ஓடிய குதிரைகளைப் பிடிப்பது, கவசங்களைக் கழற்றுவது, சங்கிலிகளை எண்ணி வண்டியில் ஏற்றுவது, காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போடுவது, தம் ஆட்களையும் எதிரியையும் ஒரே குழியில் புதைப்பதா என்று குருக்களிடம் கேட்பது.